வெளுத்த பவளம்: வெப்பமானிக்கு முன் நிழலைப் பாருங்கள்

2024 ஜூலை. சிங்கப்பூரின் தென்தீவுகளைச் சுற்றிப் பவளங்கள் வெளுத்துக்கொண்டிருந்த நேரம். அந்த வாரம்தான் பொங்கோலிலிருந்து மச்சினன் போன் செய்தான். "அத்தான், கடல்லயே வெளுக்குதாம், என் டேங்க் எம்மாத்திரம்? பேசாம தண்ணியைக் குளிர்விக்கிற சில்லரைப் பெருசா மாத்திடவா?"

அவனுடையது சின்ன டேங்க்தான். நீளம் அகலம் உயரம் எல்லாம் 45 சென்டிமீட்டர். பின்பக்கம் தடுப்பு போட்டு ஃபில்டர் அறை. பாறை, மணல் போக எழுபது லிட்டர் தண்ணீர் நிற்கும். உள்ளே பவள வகைகள்: தட்டு மாதிரி விரிகிற மொண்டிப்போரா ஒன்று, ஃபேவியா ஒன்று, ஒரு ஹாமர், கீழே கொஞ்சம் ஜோவா, மஷ்ரூம். கூடவே ஒரு ஜோடி கோமாளி மீன். மொண்டிப்போராவும் ஃபேவியாவும் வெளுத்துவிட்டன என்றான். அவன் பார்த்து வைத்திருந்த சில்லர் அறுநூறு சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல்.

"எதையும் வாங்காதே. தண்ணியையும் மாத்தாதே. சனிக்கிழமை வர்றேன். அதுவரைக்கும் லைட்டை மட்டும் கொஞ்சம் குறைச்சு வை" என்றேன்.

நான் ஜூரோங் தீவில் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சரிபார்க்கும் காலிபிரேஷன் வேலையில் இருக்கிறேன். ஒரு பிரஷர் டிரான்ஸ்மிட்டர் ஏறுக்குமாறாகக் காட்டினால் உடனே வால்வைத் திருகுகிறவரை எங்கள் பிளான்டில் யாரும் பக்கத்தில் சேர்க்க மாட்டார்கள். முதலில் கருவி சரியா, பிறகு அது காட்டுவது என்ன, அதற்குப் பிறகுதான் கை வைப்பது. பவளத்துக்கும் இதையே செய்யலாம். பதறிப்போய் ஒரே நாளில் நான்கு விஷயங்களை மாற்றிவிட்டால், பவளம் தேறினாலும் செத்தாலும் எதனால் என்று கடைசிவரை தெரியாது.

அவன் அனுப்பிய முதல் படத்தால் ஒரு பயனும் இல்லை. நீல எல்இடி மட்டும் எரியும்போது எடுத்தது. அதில் ஃபேவியா பச்சையாக, பளபளவென்று, கடையில் வாங்கியதைவிட அழகாக இருந்தது. நீல லைட் நம்மை ஏமாற்றும் இடம் இது. பவளத்தின் பச்சை, ஆரஞ்சு ஒளிர்வெல்லாம் அதன் சொந்தத் தசையில் இருக்கும் புரதங்கள் தருவது. உள்ளே குடியிருக்கும் பழுப்புநிற நுண்பாசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பாசி வெளியேறிவிட்டாலும் புரதம் இருக்கும், நீல ஒளியில் மின்னும். சொல்லப்போனால் மறைக்கப் பாசி இல்லாததால் முன்பைவிடத் தூக்கலாகவே மின்னும். கடலிலும் சில இடங்களில் பவளம் வெள்ளையாகாமல் நியான் நிறத்துக்குப் போகும். அதுவும் வெளுப்புதான். சவுத்தாம்டன் பல்கலைக்கழகப் பவள ஆய்வகத்தார் 2020இல் இதன் காரணத்தை விளக்கினார்கள். பாசி குறைந்ததும் தசைக்குள் ஒளி அதிகமாகப் புகுந்து சிதறுகிறது. அந்தக் கூடுதல் நீல ஒளியே பவளத்தை இன்னும் நிறப்புரதம் செய்யத் தூண்டுகிறது. அது வெயிலுக்குத் திரை போலாகி, பாசி திரும்பி வர உதவுகிறது. ஆகவே உங்கள் டேங்க்கில் ஒரு பவளம் திடீரென்று இதுவரை இல்லாத அழகோடு ஜொலித்தால் சந்தோஷப்படுவதற்கு முன் நீலத்தை அணைத்துவிட்டு வெள்ளை லைட்டில் ஒருமுறை பாருங்கள்.

சனிக்கிழமை போனபோது கையில் கொண்டுபோனவை: பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ், சின்ன டார்ச், நானே சரிபார்த்த வெப்பமானி, வெப்பம் பதிவுசெய்யும் லாகர், 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு) உப்புக் கரைசல், பாஸ்பேட் பார்க்கும் ஹானா செக்கர். தெரிந்தவர் ஒருவரிடம், பவளத்துக்குக் கிடைக்கும் ஒளியை அளக்கும் பார் மீட்டரும் இரவல் வாங்கியிருந்தேன்.

முதல் கேள்வி: தசை இருக்கிறதா, இல்லையா?

பார்க்க இரண்டும் வெள்ளைதான். ஆனால் ஒன்று உயிருள்ள பவளம், மற்றது வெறும் சுண்ணாம்புக்கூடு. வெளுத்த பவளத்தின் தசை கண்ணாடி போல் ஆகிவிடுகிறது. அதற்கு நிறம் கொடுத்துக்கொண்டிருந்தது உள்ளேயிருந்த பாசி, ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். அவை போனதும் தசை வழியாக உள்ளே இருக்கும் வெள்ளைக் கூடு தெரிகிறது. லென்ஸை கண்ணாடிமேல் ஒட்டிவைத்து மொண்டிப்போராவைப் பார்த்தேன். மேட்டுக்கு மேடு நடுவே இருக்கும் குழிகளிலிருந்து பவளத்தின் ஊசிமுனை அளவுக் குட்டி உடல்களான பாலிப்புகள் வெளியே வந்து நீரோட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தன. நிறமே இல்லை, ஆனால் ஆடின. மேற்பரப்பில் மெல்லிய ஈரப் பளபளப்பும் இருந்தது. தசை உரிந்த கூடு அப்படி இருக்காது. குழிகளின் விளிம்பு கூர்மையாக, வறண்ட சுண்ணாம்பாகத் தெரியும். சில நாளில் அதன்மேல் பச்சையோ பழுப்போ பாசி படியத் தொடங்கிவிடும்.

ஃபேவியாவுக்கு இன்னொரு சோதனை. லைட்டை அணைத்துவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தோம். உருகவைத்த மைசிஸ் (இறால் போன்ற சின்ன உயிரி) துண்டு ஒன்றைச் சிரிஞ்சில் எடுத்து அதன்மேல் விட்டேன். டார்ச்சைக் கைக்குட்டையால் மூடி மங்கலாக அடித்துப் பார்த்தால், வெள்ளை வாய்களைச் சுற்றியிருந்த நூல்நூலான கைகள் நீண்டு துண்டைப் பிடித்தன. அது மெதுவாக உள்ளே போனது. மச்சினன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அத்தான், சாப்பிடுது அத்தான்!" என்றான். அவனுக்கு உயிர் வந்தது. எனக்கும்தான். வெளுத்த பவளம் செத்த பவளம் இல்லை. தனக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கைப் பாசியிடமிருந்து வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிராணி இப்போது பட்டினியில் இருக்கிறது, அவ்வளவுதான். பட்டினிக்குக் கெடு உண்டு. அந்தக் கெடுவுக்குள் காரணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

இரண்டாவது கேள்வி: எந்தப் பக்கம் வெள்ளை? நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதைத்தான்.

டார்ச்சை டேங்க்கின் கீழ்மூலையிலிருந்து மேல்நோக்கி அடித்து மொண்டிப்போரா தட்டின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். பழுப்பு. நல்ல ஆரோக்கியமான பழுப்பு. மேற்பக்கம்தான் வெள்ளை. ஃபேவியாவில் மேடுகள் வெள்ளை, பள்ளங்களில் பச்சை மிச்சமிருந்தது. பாறை இடுக்கை நோக்கியிருந்த பக்கம் அப்படியே நிறமாக இருந்தது. அதற்குப் பிறகு பார்த்ததுதான் எனக்குப் பாதி விடையைத் தந்தது. ஹாமர் விரிந்து அசைகிற இடத்துக்கு நேர் கீழே, மொண்டிப்போரா தட்டின் ஒரு ஓரத்தில், உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு பழுப்புத் திட்டு. ஹாமரின் நிழல் எப்படி விழுமோ அதே வடிவம். மேல் ஓரம் கொஞ்சம் கூர்மையாகவும், ஹாமரின் விரல்கள் அசைகிற பக்கம் கலங்கலாகவும் இருந்தது. நிழல் விழுந்த இடத்தில் பாசி தங்கியிருக்கிறது, வெளிச்சம் விழுந்த இடத்தில் போய்விட்டது.

"அப்போ லைட்டுதான் காரணமா? ஆனா லைட்டை நான் தொடவே இல்லையே, ஒரு வருஷமா அதே செட்டிங்" என்றான் மச்சினன். சரியான கேள்வி.

நிழலைப் பார்த்ததும் லைட்தான் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வெப்பத்தால் வெளுக்கும்போதும் நிழலில் இருக்கும் பகுதி தப்பிப்பதுண்டு. காரணம், இரண்டும் ஒரே இடத்தில்தான் அடிக்கின்றன. பாசியின் செல்லுக்குள் ஒளியைப் பிடிக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அது பிடித்த சக்தியை அடுத்தடுத்த வேதிவினைகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வெப்பத்தாலோ ஊட்டச்சத்துக் குறைவாலோ அந்த வரிசையில் எங்காவது அடைப்பு வந்தால், பிடித்த ஒளிக்குப் போக இடமில்லை. மிஞ்சிய சக்தி ஆக்சிஜனோடு சேர்ந்து செல்லை அரிக்கிற மூலக்கூறுகளாக மாறுகிறது. நேற்றுவரை சோறு போட்ட பாசி இன்று விஷம் கக்குகிறது, பவளம் அதை வெளியே தள்ளிவிடுகிறது. ஆக, ஒளி எப்போதும் இந்தச் சம்பவத்தில் உடந்தை. அடைப்பு எங்கே என்பதைத்தான் தேட வேண்டும். எந்தக் காரணமானாலும் முதலுதவியாக லைட்டைக் குறைப்பது தவறாகப் போகாது என்பதும் இதனால்தான்.

பார் மீட்டரை மொண்டிப்போராவின் மேல் வைத்துப் பழைய செட்டிங்கில் ஒரு நிமிடம் ஓடவிட்டேன். 260 சொச்சம். அந்த இனத்துக்கு அது அதிகமில்லை. பழகியிருந்தால் சாதாரணமாகத் தாங்கும், ஒரு வருடம் தாங்கியும் இருக்கிறது.

அடுத்து வெப்பம். டேங்க்கில் ஒட்டியிருந்த டிஜிட்டல் வெப்பமானி 26.0 காட்டியது. அதை நம்புவதற்கு முன் ஒரு டம்ளரில் நொறுக்கிய ஐஸைப் போட்டு, கொஞ்சம் சுத்தமான, ஆர்ஓவில் வடிகட்டிய தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சென்சாரை முக்கினேன். பூஜ்யத்துக்கு அருகில் வர வேண்டும். வந்தது மைனஸ் 0.9. அதாவது ஒரு டிகிரி குறைத்துக் காட்டுகிறது. வீட்டு வெப்பமானிகளில் இது சகஜம். கடலில் பார்த்தால், ஓரிடத்தின் மிக வெப்பமான மாதத்துச் சராசரியைவிட வெறும் 1 டிகிரி கூடினாலே அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா அதை வெளுப்பு அபாயக் கணக்கில் சேர்க்கத் தொடங்குகிறது. அப்படிக் கூடிய டிகிரியை வாரா வாரம் சேர்த்துக் கூட்டிக்கொண்டே போவார்கள். அந்தக் கூட்டுத்தொகை 4ஐத் தொட்டால் வெளுப்பு வரக்கூடும், 8ஐத் தொட்டால் கடுமையான வெளுப்பும் சாவும் வரக்கூடும் என்பது கணக்கு. அப்படியிருக்க ஒரு டிகிரி பிழையுள்ள வெப்பமானியை வைத்துக்கொண்டு வெப்பம் காரணமா இல்லையா என்று வாதாடவே முடியாது.

லாகரை உள்ளே போட்டுவிட்டு வந்தேன். திங்கட்கிழமை எடுத்துப் பார்த்தால் அதிகாலை 26.7, பிற்பகல் 27.6. மேற்கு பார்த்த வீடு, பகலில் ஏர்கான் கிடையாது, இருந்தும் ஒரு டிகிரிக்குள்தான் ஆட்டம். சில்லர் தன் வேலையைச் செய்கிறது. அறுநூறு வெள்ளி மிச்சம்.

உப்பு அளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரும் பொய் சொன்னது. 35 பிபிடி கரைசலை விட்டால் 33 காட்டியது. அப்படியானால் அவன் 35 என்று நினைத்து வைத்திருந்த தண்ணீர் உண்மையில் 37. வெறும் ஆர்ஓ தண்ணீரை விட்டுப் பூஜ்யத்துக்குத் திருகிவிட்டுப் போதும் என்று இருப்பவர்கள்தான் அதிகம். நமக்கு வேண்டியது 35 அருகே சரியாகக் காட்டுவது, ஆகவே அங்கேதான் சரிபார்க்க வேண்டும். 37ஐ மெதுவாகக் குறைக்கச் சொன்னேன். ஆனால் வெளுப்புக்குக் காரணம் அது இல்லை என்று அப்போதே தெரிந்தது. உப்போ, தண்ணீரில் கலந்த நஞ்சோ காரணமாக இருந்தால் நிழலைப் பார்த்து விட்டுவைக்காது. மேல் கீழ் எல்லாம் அடிபடும். முதுகெலும்பில்லாத மற்ற உயிர்களும் சொல்லிவிடும். அவனுடைய டர்போ நத்தைகள் கண்ணாடியில் சுறுசுறுப்பாக மேய்ந்துகொண்டிருந்தன. இறாலும் அன்றுதான் தோலுரித்திருந்தது.

இதே காரணத்தால் குழாய்த் தண்ணீர்ச் சந்தேகத்தையும் தள்ளிவைத்தேன். இங்கே சிங்கப்பூரின் தண்ணீர் வாரியமான பியுபி குடிநீரில், கிருமியைக் கொல்லும் குளோரமைன் கலக்கிறது. சாதாரண குளோரின் போல வாளியில் ஒரு இரவு வைத்தால் போய்விடுகிற சரக்கு இல்லை அது. ஆர்ஓ யூனிட்டில் அழுக்கை உறிஞ்சும் கரியான கார்பன் தீர்ந்துபோனால் கடந்து வந்துவிடும். அப்படி வந்திருந்தால் முதலில் விழுவது நத்தையும் இறாலும்.

மிச்சமிருந்தது ஊட்டச்சத்து.

நைட்ரேட் 15 பிபிஎம் (பத்து லட்சத்தில் 15 பங்கு) அருகே. ஹானா செக்கர் பாஸ்பரஸ் 3 பிபிபி (நூறு கோடியில் 3 பங்கு) என்றது. அதை 3.066ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பாஸ்பேட் 0.009 பிபிஎம். அந்தக் கருவியின் சொந்தப் பிழையே கூடக்குறைய 5 பிபிபி. ஆகவே 3 என்றாலும் 0 என்றாலும் ஒன்றுதான். தண்ணீரில் பாஸ்பேட் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பின் அறையைத் திறந்து பார்த்தேன். பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு குருணை ஒரு பை நிறைய இருந்தது, இந்த அளவு டேங்க்குக்கு வேண்டியதைப் போல இரண்டு மடங்கு. பக்கத்தில் புத்தம்புது கார்பன் பை. பாறையில் முடிப்பாசி வந்ததாம், அதை ஒழிக்க ஜூன் கடைசியில் இரண்டையும் ஒன்றாகப் போட்டிருக்கிறான். அவனைக் குறை சொல்ல எதுவுமில்லை. முடிப்பாசி வந்தால் பாஸ்பேட்டைப் பூஜ்யமாக்கு என்றுதான் இந்தப் பொழுதுபோக்கில் பல காலமாகச் சொல்லித் தந்துவந்தார்கள். அழகாகக் கண்ணாடியில் தேதி எழுதி ஒட்டியும் வைத்திருந்தான். அந்தத் தேதி இல்லாவிட்டால் எனக்கு இவ்வளவு சீக்கிரம் விளங்கியிருக்காது.

வெளுத்துப்போன பவளத்துக்கு எல்லோரும் பாஸ்பேட் கூடிவிட்டதா என்று பார்ப்பார்கள். குறைந்ததா என்று பார்ப்பவர்கள் குறைவு. நான் மேலே சொன்ன அதே சவுத்தாம்டன் ஆய்வகத்தார் 2013இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் எழுதிய கட்டுரை இந்த விஷயத்தில் என் கண்ணைத் திறந்தது. நைட்ரஜன் தாராளமாகக் கிடைத்து, பாஸ்பேட் கிடைக்காமல் போகும் நிலைதான் பவளத்துக்குப் பேராபத்து என்று அவர்கள் காட்டினார்கள். நைட்ரஜன் இருப்பதால் பாசி பெருகத் துடிக்கிறது. ஆனால் செல்லின் சவ்வுகளைக் கட்டப் பாஸ்பரஸ் உள்ள கொழுப்பு வேண்டும். அது இல்லாததால் கந்தகம் உள்ள கொழுப்பை வைத்து ஒப்பேற்றுகிறது. ஒளியைப் பிடிக்கும் அமைப்பு உட்கார்ந்திருப்பதும் அந்தச் சவ்வில்தான். பஞ்ச காலத்தில் கலவை மாற்றிக் கட்டிய சுவர் மாதிரி அது நிற்கும், வெயிலோ வெப்பமோ சற்றுக் கூடும் வரைக்கும். ஆகவே நேற்றுவரை தாங்கிய அதே 260ஐ இன்று தாங்க முடிவதில்லை.

போதாக்குறைக்கு அந்தப் புதுக் கார்பன். டேங்க் தண்ணீரில் சேர்ந்திருக்கும் மெல்லிய மஞ்சளைக் கார்பன் உறிஞ்சி எடுத்துவிடும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த மஞ்சள் நீல ஒளியைத் தடுத்துக்கொண்டிருக்கும். அது போனதும் பழைய லைட்டே பவளத்துக்குக் கூடுதல் லைட்டாகிவிடும். லைட் செட்டிங்கை மாற்றவில்லை என்று அவன் சொன்னது உண்மை. பவளத்தின்மேல் விழுந்த ஒளி மாறியிருந்தது. தாங்கும் சக்தி குறைந்த அதே நாட்களில் ஒளி கூடியிருக்கிறது. அதிக ஒளியில் வாழும் மொண்டிப்போராவும், பாறை உச்சியில் இருந்த ஃபேவியாவும் முதலில் விழுந்தன. கீழே அரைநிழலில் இருந்த ஜோவாவுக்கும் மஷ்ரூமுக்கும் ஒன்றும் ஆகவில்லை. தேதி, இடம், நிழல், அளவு நான்கும் ஒரே திசையைக் காட்டின.

செய்யச் சொன்னது கொஞ்சம்தான். குருணைப் பையை வெளியே எடு. கார்பனைப் பாதியாக்கு. லைட்டை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, பிறகு வாரக்கணக்கில் மெதுவாக ஏற்று. அடியோடு அணைக்காதே, மிச்சமிருக்கும் பாசிக்கும் வெளிச்சம் வேண்டும். மீனுக்கு ஒருவேளைத் தீனியை இரண்டு வேளையாக்கு. லைட் அணைந்த பிறகு வாரத்தில் இரண்டு மூன்று இரவு ஃபேவியாவுக்கு நேராக ஊட்டு. ஆல்கலினிட்டியை (தண்ணீரின் காரத்தன்மையை) தொடாதே, 8.3 டிகேஎச் அளவில் நன்றாக இருக்கிறது. பவளம் பலவீனமாக இருக்கும்போது ஆல்கலினிட்டியை ஏற்றி இறக்கினால் அடியிலிருந்து தசை உரியத் தொடங்கும், அது வேறு வியாதி.

பாட்டில் பாஸ்பேட் வாங்கி ஊற்றிவிடலாமா என்றான். முதலில் தீனியே போதும் என்றேன். ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பாஸ்பேட் இல்லாமல் காய்ந்துகிடந்த பாறை தன் பங்கை முதலில் எடுத்துக்கொள்ளும். அதனால் ஆரம்பத்தில் எவ்வளவு தீனி போட்டாலும் செக்கர் பூஜ்யத்தையே காட்டும். அதைப் பார்த்துப் பொறுமையிழந்து அள்ளிக் கொட்டினால் பாறை நிரம்பியதும் ஒரேயடியாக ஏறிவிடும். அவன் பொறுத்தான். முதல் வாரம் முழுக்க 0.01. பிறகு 0.02, 0.03 என்று ஊர்ந்து ஏறியது.

எல்லா வெள்ளையும் இப்படி வெளுப்பாக இருந்துவிடாது. தசை அடியிலிருந்து மேலே கோடு போட்டதுபோல் உரிந்து வெறும் கூடு தெரிந்தால் அது வெளுப்பே இல்லை. அங்கே ஆல்கலினிட்டி, வெப்ப ஏற்ற இறக்கம், பாக்டீரியா என்று தேட வேண்டும். மணிக்கணக்கில் தசை கழன்று தண்ணீரில் மிதந்தால் நல்ல கிளையை ஒடித்துத் தனியே வைப்பதைத் தவிர வழி அநேகமாக இல்லை. மொண்டிப்போராவின் ஓரத்தில் கடித்து எடுத்ததுபோல் வெள்ளை இருந்தால் இரவில் அடிப்பக்கத்தை லென்ஸால் பாருங்கள். அரிசிக் குருணை அளவில், முதுகெல்லாம் வெள்ளைக் குஞ்சம் வைத்த நூடிபிராங்க் என்ற ஓடில்லாத கடல் நத்தை இருக்கும். அக்ரோப்போரா என்ற பவளத்தில் வட்ட வட்டமாகக் கடித்த தடம் இருந்தால் தட்டைப்புழு. அதன் பழுப்பு முட்டைகள் வெறும் கூட்டின்மேல் கொத்தாக ஒட்டியிருக்கும், அவற்றை மருந்துக் குளியல் கொல்லாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஜோவா வெளுத்தது என்று பாறையை எடுத்து பிரஷ் போட்டுத் தேய்ப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சில ஜோவா, பாலித்தோவா இனங்களில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். அந்தப் பாறையை வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைக்கவே கூடாது, ஆவியில் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஆபத்து.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாறை கட்டும் கடினப் பவளங்கள் எல்லாம் 2001 முதல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணையில். கடற்கரையில் கிடந்ததே என்று எடுத்துவருவதும் குற்றம்தான். இங்கே சிங்கப்பூரில் வளர்க்கலாம், ஆனாலும் கடினப் பவளம், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கீழ் வருவதால் அனுமதியோடு இறக்குமதியானதை, பண்ணையில் வளர்ந்த ஃபிராக்காக (வெட்டி வளர்த்த துண்டாக) பார்த்து வாங்குங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியிருக்கும் பவளங்கள் 2010இலும் 2016இலும் கடுமையாக வெளுத்தன. சிங்கப்பூரின் பவளங்கள் 1998, 2010, 2016, பிறகு 2024 என்று நான்கு முறை பெரிய அடி வாங்கியிருக்கின்றன. கடலில் லைட்டைக் குறைக்க யாருக்கும் சுவிட்ச் கிடையாது. எழுபது லிட்டரில் காரணத்தைக் கண்டுபிடித்து மாற்றி, பவளம் தேறுவதைக் கண்ணால் பார்க்க முடிவது பெரிய பாக்கியம் என்றே நினைக்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

ஆகஸ்ட் நடுவில் மச்சினன் வெள்ளை லைட்டில் எடுத்த படம் ஒன்று வந்தது. பார்த்ததும் ஒன்றும் தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் மொண்டிப்போராவின் ஒவ்வொரு பாலிப்பைச் சுற்றியும் டீக்கறை போல ஒரு வளையம். பாசி அங்கிருந்துதான் திரும்பத் தொடங்கியது. வாரம் போகப் போக வளையங்கள் ஒன்றோடொன்று தொட்டன, ஹாமரின் நிழல்திட்டு எது, மற்ற இடம் எது என்று தெரியாமல் போனது. ஃபேவியா பள்ளங்களில் பச்சை அடர்ந்து, மேடுகளில் பழுப்பு ஏறியது. தட்டின் உயரமான விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்குத் தசை திரும்பவில்லை. அது செத்துவிட்டது, பாசி படிந்தது. எலும்பு வெட்டும் கத்தரியால் அந்தத் துண்டை மட்டும் நறுக்கி எடுத்தோம். நறுக்கிய ஓரத்தில் தீபாவளிக்குள் புது விளிம்பு வெள்ளையாக வளர்ந்துவந்தது. இந்த வெள்ளையைப் பார்த்து மறுபடி பயந்துவிட்டான். வளரும் ஓரம் எப்போதும் வெளிறித்தான் இருக்கும், அங்கே கூடு புதிது, பாசி இன்னும் குடியேறவில்லை என்று சொன்ன பிறகுதான் அடங்கினான்.

இப்போது அவன் டேங்க்கில் பாஸ்பேட் 0.04 முதல் 0.06க்குள், நைட்ரேட் 8 அருகே, உப்பு 35. முடிப்பாசி கொஞ்சம் இருக்கிறது, நத்தைகள் பார்த்துக்கொள்கின்றன. லைட்டைப் பழைய அளவுக்கு ஏற்றவே இல்லை. மொண்டிப்போரா மேல் 190 விழுகிறது, அதிலேயே தட்டு விரிந்துகொண்டிருக்கிறது. சில்லர் பழைய சில்லர்தான். வெப்பமானி மட்டும் புதிது, அதையும் ஐஸ் தண்ணீரில் முக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டினான்.